நான் அழித்த ஒரு வரி

அவர் கொண்டுவந்த பயோடேட்டாவில் பெயருக்கும் படை எண்ணுக்கும் நேர் கீழே 'தண்டனைகள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் ஒரே ஒரு பதிவு. விடுப்பு முடிந்து பத்தொன்பது நாள் தாமதமாகப் பணிக்குத் திரும்பியது, நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மைப் பதிவு, பதினான்கு நாள் காவலறை. படிப்பு, தொழில், அனுபவம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மூன்று பக்கமும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்.

இதை எத்தனை கம்பெனிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். பதினாறு என்றார். எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ராசிபுரம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள் நான். ஒரு மனுவுக்கு அரை நிமிடம்கூடக் கொடுத்ததில்லை. ராணுவத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் அந்த அரை நிமிடமும் கிடையாது. 'கேட்டுக்கு வாட்ச்மேன் வேணுமான்னு கேளு' என்று சொல்லிக் காகிதத்தை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். அவர் ரேடியோ பழுது பார்த்தவரா, ஆயிரம் பேருக்குச் சமையல் நடத்தியவரா, எதையும் பார்த்ததில்லை. மீசையைப் பார்த்துக் கேட்டுக்கு அனுப்பியவள்.

ஓய்வு பெற்ற பிறகு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் பங்குக் கோயிலின் பின்கூடத்தில் ஒரு கணினியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பயோடேட்டா எழுதிக் கொடுக்கிறேன். பங்குத் தந்தை இதைச் சேவை என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. இது பரிகாரம் என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இவர் வெண்ணந்தூர்ப் பக்கம். ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருபத்திரண்டு வருடம், கடைசியில் அவில்தார். நாற்பத்தொரு வயது. நாற்காலியின் நுனியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றார். வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை, மகள் ஃபோனில் பேசிய அளவு நேரில் பேசுவதில்லை, பகலில் என்ன செய்வதென்றே புரியவில்லை என்று, வண்டியின் கோளாறைச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு கடைசியாக ஒன்று சொன்னார். சேலத்தில் ஒரு ஏஜென்ட் இருக்கிறார். வெளிநாட்டில், பாலைவனத்தில் ஒரு எண்ணெய் முகாமுக்குக் காவல் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வர முடியாது. பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்டிடம் இருக்கிறது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போகிறேன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"அதுக்குள்ள இங்க ஒரு வேல கெடச்சா இருந்துக்கறேனுங்க மேடம். இல்லீன்னா போயிர்றதுதானுங்க. சும்மா உக்காந்திருக்க முடியறதில்லீங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை. எனக்கு வாய்த்தது நான்கு நாள்.

நாமக்கல்லில் அறுபது லாரி ஓட்டும் ஒரு கம்பெனி பட்டறைக்குப் பொறுப்பாளர் தேடுவது எனக்குத் தெரியும். இவருக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. ஆனால் அவர் பேப்பரில் அவரே இல்லை. 'வாகனங்கள் பராமரிக்கப்பட்டன' என்று எழுதியிருந்தார். யார் பராமரித்தது என்று கேட்டால், செக்‌ஷன் செய்தது என்றார். செக்‌ஷனில் யார் என்றால், நானும் ஏழு பேரும் என்றார். பனிமலையில் டீசல் உறைந்து நிற்கும் வண்டிகளின் அடியில் படுத்து, இன்ஜினுக்கு அடியில் சூடு காட்டி, ஒரு குளிர்காலம் முழுக்கப் பன்னிரண்டு வண்டிகளில் ஒன்றுகூட வழியில் நிற்காமல் ஓட்டியிருக்கிறார். அதை அவர் வாயிலிருந்து வாங்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. 'நான்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்தபோது, கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு மண்டை காய்ந்துபோனது. வீட்டிலிருந்து கொண்டுபோன மோரை அவருக்கும் ஊற்றிக் கொடுத்து, நானும் குடித்தேன்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிய பிறகு, மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

தண்டனை விட்டுப்போயிற்று என்றார். விட்டுப்போகவில்லை, எடுத்துவிட்டேன் என்றேன்.

அப்போதுதான் அவர்களுடைய வழக்கத்தைச் சொன்னார். புதிய யூனிட்டுக்குப் போனால், முதல் நாள் பெரிய அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மேசையில் இவருடைய நடத்தைப் பதிவேடு திறந்திருக்கும். அதிகாரி கேட்கும் முன்பே, தன் மேல் என்ன தண்டனை இருக்கிறது என்பதைத் தானே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அத்தோடு முடிந்தது, அதை வைத்து யாரும் பேச மாட்டார்கள். சொல்லாமல் நின்றால்தான் தப்பு. பதினாறு கம்பெனிக்கும் அந்த முறையில்தான் தன் தண்டனையை முதலில் எழுதி அனுப்பியிருக்கிறார். மரியாதை என்று நினைத்து.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். வெளி உலகத்தில் அப்படி யாரும் எழுத மாட்டார்கள் என்றேன். கேட்டால் மட்டும் சொல்லலாம் என்றேன். அப்படி என்னதான் லீவில் தாமதம் என்று கேட்டேன். வீட்டு விஷயம் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

"இது இல்லாமப் போனா பொய் சொன்ன மாதிரிங்க மேடம்" என்று மட்டும் மறுபடி மறுபடி சொன்னார்.

மணி ஒன்றரை. வெளியில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருடம் பேப்பரைக் குப்பையில் போட்டவளுக்கு, எது குப்பைக்குப் போகும் என்று தெரியாதா? எழுந்து நின்று, மேசையைத் தட்டி, "இது என் ஆர்டர்னு வெச்சுக்கங்க. அந்த வரி இருக்காது" என்றேன்.

அவரும் எழுந்து நின்றார். கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. "சரிங்க மேடம்" என்றார்.

அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நானே கம்பெனிக்கு அனுப்பினேன். திங்கட்கிழமையே பதில் வந்தது. புதன் காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பதினாறு தடவை நடக்காதது ஒரே தடவையில் நடந்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கோயிலில் விசாரித்து, விலாசம் கேட்டு வந்திருக்கிறாள். அவர் மனைவி. விசைத்தறிக்குப் போகிறவள், அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். சேலையில் அங்கங்கே நூல் ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்தேன். தான் வந்தது அவருக்குத் தெரியாது என்றாள்.

"கட்டிக்கிட்ட நாள்லருந்து போன்லயே குடும்பம் நடத்திட்டேனுங்க்கா. இனி ரண்டு வருசம் முடியாதுங்க. எப்படியாச்சும் அந்த லாரிக் கம்பெனில ஒக்கார வெச்சுருங்க."

என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், இனி அவர் கையில்தான் இருக்கிறது என்றேன். அவர் கையில் இருப்பதுதான் பயம் என்றாள். அவருக்கு வாயே கிடையாது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் சுபேதாராகி வந்தார்கள், இவர் மட்டும் அவில்தாராகவே வந்தார். சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் வைத்துக் கேலி பேசினார்கள். அந்த ஆத்திரத்தில் தானும் ஒருநாள், வாயில்லாத ஆளைக் கட்டிக்கொண்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாகச் சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாராம்.

பிறகு அவர்மேல் குறை சொன்னதற்கு ஈடு கட்டுகிற மாதிரி, நல்லதாக ஒன்று சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே ஏழாம் மாதத்தில் போய்விட்டது. இவளும் பிழைப்பதே கஷ்டம் என்று சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர் லீவு அன்றைக்கு முடிகிறது. ஆனால் போகவில்லை.

"பத்தொம்போது நாளுங்க்கா. கட்டிலுக்குக் கீழயே படுத்துக் கெடந்தாரு. லீவு நீட்டிக் குடுத்துட்டாங்க, பெரிய ஆபீசரு தங்கமான மனுசன்னு சொன்னாரு. அந்த ஆபீசரு நல்லா இருக்கோணும்னு நான் இன்னைக்கும் கும்புட்டுக்குவேனுங்க."

என் கையில் இருந்த காப்பி டம்ளரை மேசையில் வைத்தேன். பத்தொன்பது நாள். யாரும் நீட்டிக் கொடுக்கவில்லை. பதினான்கு நாள் உள்ளே அடைத்தார்கள். அந்தச் சிவப்பு மைதான் பதவி உயர்வுப் பட்டியலில் அவரைப் பின்னால் தள்ளியிருக்கும். அதற்கு அவள் அவரையே வைதிருக்கிறாள். அவர் சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறார்.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருடம் அவர் சொல்லாததைச் சொல்ல நான் யார்? வாயை மூடிக்கொண்டேன். நாளைக்கு நீங்களும் வருகிறீர்களா என்றுமட்டும் கேட்டேன். வாரேனுங்க்கா, நீங்களும் வந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். யாருடைய நேர்முகத்துக்கும் நான் கூடப் போனதில்லை. இதற்குப் போனேன்.

புதன்கிழமை ஒன்பதரைக்கே மூவரும் நாமக்கல்லில் அந்தக் கம்பெனி யார்டில் இருந்தோம். அவர் சட்டையில் மடிப்பு கத்திபோல நின்றது. அலுவலகம் ஒரு நீளமான ஷெட். முதலாளியின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை, ஆனாலும் யார்டில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடிய இரைச்சலில் உள்ளே பேசியது ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி தலையாட்டுவது மட்டும் இடைவெளியில் தெரிந்தது. நான் அடித்த காகிதத்தை விரலால் தட்டிக் காட்டி எதையோ கேட்டார். சிரித்தார். பனிமலைக் கதையாகத்தான் இருக்கும். பக்கத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்ப்ரஸர் நின்றது. யார்டே சட்டென்று அமைதியாகிவிட்டது.

"சரிங்க தம்பி. எனக்குத் திருப்தி. வேற ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று மனசுக்குள் கத்தினேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நிற்கிறார்.

"இந்தப் பேப்பர்ல ஒண்ணு உட்டுப்போச்சுங்க சார். என் மேல ஒரு தண்டன இருக்குதுங்க. லீவு முடிஞ்சு பத்தொம்போது நாள் லேட்டாப் போனேனுங்க. பதினாலு நாள் உள்ள வெச்சாங்க."

முழங்கையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏன் தாமதம் என்று முதலாளி கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லை என்றார். முதலாளியின் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சரக்கு ஏற்றிய வண்டிக்கு ஒரு நாள் தாமதம் என்றாலே தனக்கு எத்தனை பேரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். இதை ஏன் பேப்பரில் எழுதவில்லை, யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டார்.

என் தலை தானாகக் குனிந்தது.

"நானேதானுங்க எடுத்தேன் சார்" என்றார் அவர்.

முதலாளி காகிதத்தை மேசையில் வைத்தார். பிறகு, நாளைக்கு இங்கேயும் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். குரலில் விரோதம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நின்னுக்குவேனுங்க சார். ஆனா போன் பண்ணிச் சொல்லிட்டு நிப்பேனுங்க."

நான்கு மணிக்குள் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்த அவர் பெஞ்சைப் பார்த்தார், பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தார், பிறகு நின்றுபோன கம்ப்ரஸரைப் பார்த்தார். புரிந்துகொண்டார். மூவரும் கேட்டுக்கு நடந்தோம். கேட்டில் அவள் நின்று, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டே, "ஆபீசரு நீட்டிக் குடுத்தாருன்னீங்க" என்றாள். அவர் 'ம்' என்றார். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் ஆர்டர் என்று சொல்லியிருக்கக் கூடாது, உங்கள் பழக்கத்தை வைத்து உங்களை மடக்கிவிட்டேன் என்றேன். பேப்பரிலேயே இருந்திருந்தால் ஒளித்து வைத்தவர் என்ற பெயராவது வந்திருக்காது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர், பரவாயில்லைங்க மேடம் என்று சொல்லி என் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான்கு மணி வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தோம். சேலம் பஸ் ஏறினால் ஏஜென்ட், வெண்ணந்தூர்ப் பக்கம் ஏறினால் வீடு. எதில் ஏறுவது என்று தெரியாமல், வரும் பஸ்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு அடித்துப் பத்து நிமிடத்தில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. மேனேஜர் பேசினார். வேறு ஒருவரைப் பார்த்துவிட்டார்களாம். சார் உங்களை நல்ல மனிதர் என்று சொன்னார் என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்தார். நானும் அந்த வரியை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சேலம் பஸ் நிக்குது" என்றார். யாரும் எழவில்லை. மறுபடி உட்கார்ந்தார். அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏஜென்ட் கூப்பிட்டார். அவர் பையில் கை விடும் முன்பே அவள் ஃபோனை எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஏஜென்ட் என்ன கேட்டாரோ, அவள் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

"அவரு வரமாட்டாருங்க. அவரு லீவுல இருக்காருங்க. லீவு இன்னும் முடியலீங்க."

சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். ஃபோனை அணைத்து அவரிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். அவர் பஸ் ஸ்டாண்டு நாற்காலியில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் எழுந்துபோய் அவர்கள் ஊர் பஸ் எப்போது என்று விசாரித்து வந்தேன். அழுவதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று கொஞ்சம் மெதுவாகவே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை இருவருமே பின்கூடத்துக்கு வந்தார்கள். இன்னொரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான் பழைய கோப்பைத் திறந்து, அந்த வரியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். கடைசியில் வைத்தால் போதும் என்றார். அடித்தேன். காரணத்தையும் போடுங்க்கா என்றாள் அவள். அவர் சங்கடமாக நெளிந்து, நடத்தைப் பதிவேட்டில் காரணத்துக்கு இடமே கிடையாது என்றார். இது பதிவேடு இல்லை, பயோடேட்டா என்றேன் நான்.

"பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தான்னு போடுங்க்கா. பக்கத்துல இருந்தாருன்னும் போடுங்க."

இதுவரை நான் எழுதிய எந்தப் பயோடேட்டாவிலும் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் அடித்தேன். அவர் விரலை வைத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.